மெஸ் வீட்டுக் கிறேவி

ஓர்ஸ் ஹில்லில் மெஸ் வீடு எங்கே என்று கேட்டால் ஓட்டோக்காரர் மறுகேள்வி இல்லாமல் வாசலில் கொண்டுவந்து இறக்குவார். அந்த வீட்டில் ஒருநாளும் மெஸ் நடந்ததில்லை. வெள்ளைக்காரரின் கடற்படை துறைமுகத்தில் இருந்த காலத்தில், அதிகாரிகள் சாப்பிடும் மெஸ்ஸில் தலைமைச் சமையற்காரராக இருந்த சந்தியாப்பிள்ளை கட்டிய வீடு அது. கடற்படை கப்பலேறிய நாளில் ஊரார் பலர் கதிரையும் கட்டிலும் தூக்கிக்கொண்டு போனார்கள். சந்தியாப்பிள்ளை, அதிகாரிகள் தன் கையில் கொடுத்த ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தைத் தவிர வேறொன்றையும் தொடவில்லை. உள் அடியில் நங்கூரம் பொறித்த, வாத்தின் அலகு மாதிரி மூக்கு நீண்ட கிறேவிக் கிண்ணம். அது இன்றும் அந்த வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்களுக்கு அவருடைய மூத்த மகள் அஞ்சலினா முதலில் சொல்வது, "இது களவெடுத்ததில்லை" என்பதுதான்.

யேசு பிறந்த நாளான நத்தார் மதியம் அந்த வீட்டு மேசையில் முழுக்கோழி றோஸ்ற் இருக்கும். கோழியை யாரும் பெரிதாகக் கதைக்கமாட்டார்கள். கதையெல்லாம் கிறேவியைப் பற்றித்தான். கோழியை இறக்கிய இரும்புத் தாச்சியின் அடியில் தங்கும் நெய்யில் கோதுமை மாவைத் தூவி, மெல்லிய நெருப்பில் சிவக்க வறுத்து, கோழிக் கழுத்தும் ஈரலும் அவித்த தண்ணீரை அகப்பை அகப்பையாக விட்டுக் கிண்டி எடுப்பது. கேட்க லேசான வேலை. கை ஒரு கணம் சுணங்கினால் மா கட்டிபட்டுவிடும். கட்டிபட்ட கிறேவியை மெஸ்ஸில் கடலுக்குள் கொட்டச் சொல்வார்கள் என்று சந்தியாப்பிள்ளை சொல்லுவார். தாய் இறந்தபின் தாச்சி அஞ்சலினாவின் கைக்கு வந்தது. கல்யாணம் கட்டாமல், கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள் அவள். அவளுடைய கிறேவி ஒருநாளும் கட்டிபட்டதில்லை.

அந்த மேசைக்கு ஒரு சட்டமும் இருந்தது. செபம் சொல்லி அமர்ந்தால், எழும்பும் வரைக்கும் யாரும் சாப்பாட்டில் குறை சொல்லக்கூடாது. உப்புக் காணாவிட்டாலும் பேசாமல் சாப்பிடவேண்டும். கடைசியில் தகப்பனின் கதிரையில் இருப்பவர் "குறை ஒண்டுமில்லை" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் எழும்பலாம். அஞ்சலினாவின் தம்பி பற்றிக் சின்ன வயதில் ஒருமுறை, றால் கறியில் மண் கடிபடுகிறது என்று சொல்லிவிட்டான். தகப்பன் சத்தம் போடவில்லை. அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு வந்து, "அங்க போய் நிண்டு சொல்லு" என்றார். பற்றிக் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டான். அதற்குப் பிறகு அவன் எந்த மேசையிலும் குறை சொன்னதில்லை.

இந்த நத்தாருக்கு அந்த மேசையில் ஒரு பெரிய காரியம் முடிவாக இருந்தது. அஞ்சலினா இந்த வீட்டில் தொடர்ந்து தனியே இருப்பதா, அல்லது வீட்டைப் பூட்டிவிட்டு வத்தளையில் பற்றிக்கும் மனைவி கிறிஸ்டினும் இருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்குப் போய் ஒரு அறைக்குள் இருப்பதா என்பது.

மழை தொடங்கிய மாதத்தில் வந்தது அந்தக் கதை. அஞ்சலினா அடுப்பில் வைத்த பருப்புச் சட்டி கருகி, குசினி முழுக்கப் புகை. பக்கத்து வீட்டு ஸுல்பிகா மணம் பிடித்து ஓடிவந்து அடுப்பை நிற்பாட்டினாள். அவளே பற்றிக்குக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிட்டாள்.

"அக்கா, பக்கத்து வீட்டுக்கு மணந்திருக்கு. உங்களுக்கு மணக்கேல்லையோ?" என்று அன்று பின்னேரமே பற்றிக் கேட்டான்.

"கதிரையில கண்ணயர்ந்து போனன்."

"காஸ் வெடிச்ச கதையெல்லாம் கேட்டனீங்கள்தானே. இனி ஒருநாள் காஸ் ஒழுகினா ஆர் ஓடி வாறது?"

"நான் மனையியல் படிப்பிச்சனான். எனக்குக் காஸ் படிப்பிக்க வராதை."

பற்றிக் விடவில்லை. ஒரு கிழமை இழுபறிக்குப் பிறகு அவனே ஒரு வழி சொன்னான். "நத்தாருக்கு வருவம். நீங்கள் தனியச் சமையுங்கோ. கிறிஸ்டின் கை வைக்கமாட்டா. ஒரு குறையும் இல்லையெண்டா நான் இந்தக் கதையை இனி எடுக்கமாட்டன்."

"அதை அப்பாட மேசையில வைச்சுச் சொல்லவேணும்."

"மேசையில வைச்சே சொல்லுறன்."

அந்த மேசையில் குறை சொல்ல முடியாது என்பதைச் சொன்னவனும் நினைக்கவில்லை, கேட்டவளும் நினைக்கவில்லை.

அஞ்சலினா அன்று கண்ணயரவில்லை. கருகிய சட்டிக்கு எட்டடி தள்ளி, கண்ணை விழித்துக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். தவக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய மூக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தது. உயிர்த்த ஞாயிறுப் பூசையில் குருவானவர் தூபம் போட்டபோது புகை வந்தது, மணம் வரவில்லை. மூக்கோடு நாக்கும் போயிருந்தது. எதைச் சாப்பிட்டாலும் சூடு, குளிர், மெது, கடினம் என்ற அளவில்தான் தெரிந்தது. அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. மெஸ் வீட்டுக் குசினியில் நிற்கிறவளுக்கு மணம் தெரியாது என்ற கதை வெளியே போனால், தகப்பன் பெயரைச் சொல்லி ஊர் சிரிக்கும் என்று நினைத்தாள். உப்பைக் கரண்டியால் அளந்து போட்டாள். மீனைக் கண்ணையும் செவுள் பூவையும் பார்த்து வாங்கினாள். பாலை அகப்பையில் தூக்கி, திரைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள்.

கிறேவிதான் அவளைப் பயமுறுத்தியது. மா சிவக்கும் பதத்துக்கு சந்தியாப்பிள்ளை நிறத்தைச் சொன்னதில்லை. இரும்புத் தாச்சிக்குள் நிறம் பொய் சொல்லும் என்பார். கச்சான் கடலை வறுக்கிற மணம் வந்ததும் தாச்சியை இறக்கிவிடவேண்டும், அதற்குப் பிறகு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கவும் நேரமில்லை என்பார். நத்தாருக்கு முந்தின திருவருகைக்கால ஞாயிறுகளில் அஞ்சலினா கதவைச் சாத்திக்கொண்டு, யன்னல் வெளிச்சத்தில் மாவை வறுத்து வறுத்துப் பழகினாள். சாப்பாட்டு மேசைக் கதிரையின் கைப்பிடி நிறம் வரும்போது இறக்கினால் சரியாக இருக்கும் என்று கண்டுகொண்டாள். ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி மாவை எடுத்துக்கொண்டுபோய்க் கதிரைக் கைப்பிடியோடு வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் இருக்குமட்டும் பயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நத்தார் காலையில் விடிந்த மாதிரியே தெரியவில்லை. உள்துறைமுகத்துக்கு மேலே வானம் இறங்கிக் கிடந்தது. பூசை முடிந்து வந்ததும் பற்றிக்கும் மகன் றிக்சனும் லிங்கநகரில் படுக்கையில் கிடந்த உறவினர் ஒருவரைப் பார்க்கத் தங்கள் வான் வண்டியில் போனார்கள். கிறிஸ்டின் மட்டும் நின்றாள். வத்தளைக்காரி. முப்பது வருடமாக இந்த வீட்டுக்கு வந்துபோகிறாள். எதைச் சொன்னாலும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு பணிவா பரிகாசமா என்று அஞ்சலினாவால் ஒருநாளும் பிடிக்க முடிந்ததில்லை.

கோழி தாச்சியில் பட்டரோடு பொரிந்துகொண்டிருந்தது. ஸுல்பிகாவின் புருஷன் லாபிர் தன் கடையில் அறுத்து, துப்பரவாக்கிக் கொண்டுவந்து தந்த கோழி. இந்த வீட்டு நத்தார்க் கோழி எப்போதும் லாபிரின் கையால் அறுத்ததாகத்தான் இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கமும் அதில் ஒரு பங்கு போகவேண்டும் என்பதற்காக.

கிறிஸ்டின் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"மச்சாள், ஒரு சாமான் கொண்டு வந்தனான். வேணுமெண்டா மட்டும்." கையில் ஒரு சின்ன கிறேவித் தூள் பக்கெற். "சுடுதண்ணியில கரைச்சாக் காணும். கட்டிபடாது."

"என்ர கையாலயும் கட்டிபடாது. அதை உம்மட பெட்டிக்க வையும். இஞ்ச நாய்க்கும் போடவேண்டாம். நாய் பாவம்."

கிறிஸ்டின் சிரித்தாள். "ஏதும் வெட்டித் தரவோ?"

"பற்றிக் உமக்குச் சொல்லேல்லையோ? இந்தக் குசினிக்க இண்டைக்கு ஒரு ஆள்தான். நான் கேளாமல் ஒரு சொல்லும் சொல்லவேண்டாம், கிறிஸ்டின். நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம்."

"சரி மச்சாள்."

கோழியை இறக்கித் தட்டத்தில் வைத்து மூடிய நேரத்தில்தான் மழை விழுந்தது. சும்மா மழையில்லை, தகரக் கூரை அறுந்து விழுகிற மாதிரி மழை. யன்னலால் தூவானம் அடுப்புக்கு அடித்தது. அஞ்சலினா யன்னலைச் சாத்தினாள். சாத்திய கையோடு கரண்டும் போனது.

பற்றிக் வருகிற நேரமாகிவிட்டது. மழை விடும்வரை பொறுத்தால் சோறு ஆறும், கோழி ஆறும், மேசை சுணங்கும். இந்த வீட்டு நத்தார் மேசை ஒருநாளும் சுணங்கியதில்லை. மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி அடுப்புக்கு மேலே தட்டில் வைத்தாள். நெய்யில் மாவைத் தூவி, மர அகப்பையால் ஒரு பக்கமாகவே கிண்டத் தொடங்கினாள்.

மெழுகுதிரி வெளிச்சத்தில் தாச்சிக்குள் எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. கிண்டக் கிண்ட அவளுக்கு வியர்த்தது. ஒரு கரண்டி எடுத்து யன்னல் கண்ணாடிக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியில் மழைத் தண்ணீர் ஓடியது. வெளிறிய மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் கிண்டினாள். பழக்கத்தில் மூச்சை ஆழமாக இழுத்தாள். மூக்குக்குள் வெறும் காற்றுத்தான் போனது. இன்னும் ஒரு கரண்டி. இப்போது கதிரைக் கைப்பிடி மாதிரித் தெரிந்தது. தெரிந்தது என்று முடிவுசெய்துகொண்டாள்.

தாச்சியை இறக்கித் திரும்பியபோது வாசலில் கிறிஸ்டின் நின்றாள். மூக்கில் லேஞ்சியைப் பொத்திப் பிடித்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்ன, தடிமனோ?"

கிறிஸ்டின் வாயைத் திறந்து, மூடி, பிறகு சொன்னாள். "ஓம் மச்சாள். கொஞ்சம்."

"மழைக்க நிண்டா அப்பிடித்தான். உள்ளுக்குப் போய் இரும்."

அவித்த தண்ணீரை அகப்பையால் அள்ளி மெதுவாக விட்டாள். கை ஓயாமல் கிண்டினாள். தண்ணீரும் மாவும் ஒன்றையொன்று பிடித்து, தடித்து, பளபளவென்று வந்தது. வடியில் ஊற்றினாள். வடியின் அடியில் ஒரு குறுணியும் நிற்கவில்லை. மெழுகுதிரியின் சுடர் கிறேவிக்குள் நெளியாமல் நின்றது. கையின் பின்புறத்தில் ஒரு துளி விட்டு நக்கிப் பார்த்தாள். சூடாக இருந்தது, வழுக்கியது. அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். அவளுடைய முதுகு நிமிர்ந்தது. ஒரு கோப்பையில் கோழியின் ஒரு காலும் கிறேவியும் வைத்து மூடி, குடையோடு வேலிக்குப் போய் ஸுல்பிகாவின் மகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மேசைக்கு இருந்தபோது கரண்ட் வந்திருந்தது. வெளிச்சத்தில் கிறேவி கொஞ்சம் கறுத்துத் தெரிந்தது; தாச்சி நிறம் பொய் சொல்லும் என்று தகப்பன் சொன்னதை அஞ்சலினா நினைத்துக்கொண்டாள். பற்றிக் தகப்பனின் கதிரையில் இருந்தான். செபம் சொல்லுமுன் றிக்சன் கோழியையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கப்பல் கம்பனியில் வேலை, வாயும் கப்பல் மாதிரிப் பெரியது என்று அஞ்சலினா சொல்லுவாள்.

"மாமி, எனக்குக் கிறேவியை ரம்ளரில விட்டுத் தாங்கோ. சோறு பிறகு பாப்பம்."

"செபத்தை முதல் சொல்லுங்கோ தம்பி. தவிச்ச மாடு மாதிரி நிக்காதையுங்கோ."

செபம் முடிந்தது. றிக்சன் சொன்னபடியே சோறு மூழ்க விட்டு, பெரிய கவளமாக எடுத்து வாயில் வைத்தான். தாடை ஒருமுறை அசைந்து நின்றது. தண்ணீர்க் கிளாசை எடுத்தான்.

"என்னடா?"

"சூடு, மாமி."

பற்றிக் மெதுவாகச் சப்பினான். சப்பிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த தகப்பனின் படத்தைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். கிறிஸ்டின் தன் கவளத்தை விழுங்கி முடித்திருந்தாள்.

"ஒரு கட்டியும் இல்லை மச்சாள்," என்றாள். "பட்டு மாதிரி இருக்கு."

கையை நீட்டிக் கிண்ணத்தை எடுத்து, தன் கோப்பையில் இரண்டாம் தரம் விட்டுக்கொண்டாள். மிச்சத்தைப் பற்றிக்கின் கோப்பையில் கவிழ்த்தாள். மற்ற வருடங்களில் இரவு பாணுக்குத் தொட்டுக்கொள்ள அடியில் கொஞ்சம் மிஞ்சும். இந்த வருடம் நங்கூரம் தெரிகிற அளவுக்கு வழித்தாயிற்று. தோற்றவள் வந்து காலில் விழுந்த மாதிரி இருந்தது அஞ்சலினாவுக்கு. அவளுக்கு அதில் ஒரு இரக்கமும் வந்தது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக, "நல்லாச் சாப்பிடும் கிறிஸ்டின்," என்றாள்.

மழைச்சத்தம்தான் பெரிதாக இருந்தது. பற்றிக் கடைசிக் கவளத்தை விழுங்கி, வாயைத் துடைத்து, நெடுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குறை ஒண்டுமில்லை, அக்கா."

பூசையில் மறுமொழி சொல்கிற குரலில் சொன்னான்.

"அப்ப?"

"சொன்னது சொன்னதுதான். நீங்கள் இஞ்சயே இருங்கோ."

அஞ்சலினா கோப்பைகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். காலில் பாரம் இல்லை. கிறிஸ்டின் பின்னால் வந்து, கேளாமலே கோப்பை கழுவத் தொடங்கினாள். இன்றைக்கு அஞ்சலினா அதையும் தடுக்கவில்லை.

பின்வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. ஸுல்பிகா. வேலியால் கொடுத்த கோப்பை வட்டிலாப்பத்தோடு திரும்பி வந்திருந்தது. இரண்டு வீட்டுக்கும் இடையில் வெறும் பாத்திரம் போய் வந்த வழக்கமில்லை.

"அன்ரி, நத்தார் வாழ்த்து. இந்தாங்க, ஃபிரிஜ்ஜில வச்சிச் சாப்பிடுங்க. கோழி நல்ல ருசி, பிள்ளைகள் எலும்பையும் விடல்ல. அதுக்கு ஊத்தின ஆணம் மட்டும் தீஞ்சி போச்சி, என்ன?"

அஞ்சலினா கோப்பையை வாங்கி மேசையில் வைத்தாள்.

"கரண்ட் போன நேரம் பாத்து அடுப்பில வச்சிருப்பீங்க. எங்கட வீட்டுக்கே அந்த மணம். திரும்பவும் சட்டி கருகுதோ என்டு நான் ஓடி வரப்பாத்தன். இவர்தான், விருந்தாள் நிக்கிற வீட்டுக்க போகாத என்டு மறிச்சிப் போட்டார்." அப்போதுதான் ஸுல்பிகா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். "என்ன அன்ரி, நான் ஏதும் பிழையாக் கதைச்சிட்டனோ?"

"இல்லைப் பிள்ளை. போயிட்டு வாங்கோ. மழை கூடுது."

ஸுல்பிகா குடையை விரித்துக்கொண்டு போனாள். கிறிஸ்டின் திரும்பாமல் கோப்பையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீர் வாசலில நிண்டனீர்," என்றாள் அஞ்சலினா.

"நிண்டனான்."

"தடிமன் எண்டனீர்."

"ஒரு சொல்லும் சொல்லவேண்டாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், மச்சாள்."

"இரண்டாம் தரமும் விட்டுச் சாப்பிட்டீர்."

"றிக்சன் அதுக்கு மேல ஒரு வாய் வைச்சிருக்கமாட்டான். கிண்ணத்தில மிச்சம் கிடந்தா உங்களுக்கு விளங்கியிருக்கும். மேசையில வைச்சு விளங்கவேண்டாம் எண்டு நினைச்சன்."

கிறிஸ்டின் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். அடுப்பை மறைத்துக்கொண்டு நின்று கேட்டாள். "மச்சாள், இப்ப இந்தக் குசினிக்க என்ன மணக்குது?"

அஞ்சலினா மேசையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். வகுப்பில் பிள்ளைகளுக்குப் பதில் சொல்கிற மாதிரி, தயங்காமல் சொன்னாள். "ஏலக்காய். சக்கரை. வட்டிலாப்பம் மணக்குது."

கிறிஸ்டின் திரும்பி அடுப்பின் திருகியை மூடினாள். போய் யன்னலை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள். தூவானம் உள்ளே அடித்தது.

"காஸைத் திறந்து விட்டனான், மச்சாள்," என்றாள். "எனக்குத் தலை சுத்துது."

அஞ்சலினா முக்காலியில் இருந்தாள். இருந்தபோதும் முதுகைச் சுவரில் சாய்க்கவில்லை.

"எப்பேலிருந்து மணமில்லை, மச்சாள்?"

"தவக்காலத்தில இருந்து."

"அவருக்கு நான் சொல்லமாட்டன்."

"ஏன்?"

கிறிஸ்டின் சிரிக்கவில்லை. "உண்மையைச் சொன்னா, நீங்கள் வந்து என்ர குசினிக்க நிக்கிறது எனக்கும் விருப்பமில்லை. நான் சும்மா இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்தான். ஆனா நீங்கள் இஞ்ச தனிய எரிஞ்சு போனா, தெரிஞ்சும் ஏனடி சொல்லேல்ல எண்டு அவர் என்னைத்தான் கேப்பார். எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல மச்சாள். நீங்களே சொல்லுங்கோ."

அஞ்சலினா யோசித்தாள். கிறிஸ்டின் வாயை மூடிக்கொள்வாள், அதில் சந்தேகமில்லை. அடுத்த நத்தாருக்கும் வருவாள். என்ன வைத்தாலும் பட்டு மாதிரி இருக்கு என்பாள், இரண்டாம் தரம் விட்டுக்கொள்வாள். ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டு தான் எதிரில் இருக்கவேண்டும். அலுமாரிக் கண்ணாடிக்குள் கழுவி வைத்த கிண்ணம் தெரிந்தது. ஒரு கரண்டியும் களவெடுக்காத மனிதனின் வீட்டில், தம்பியின் வாயிலிருந்து ஏமாற்றி எடுத்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இனி இருக்கிற காலமெல்லாம் இருக்கவேண்டும்.

அவள் எழும்பினாள். கழுவாமல் கிடந்த கோப்பைகளில் பற்றிக்கினுடையதைத் தேடி எடுத்தாள். விறாந்தையில் பற்றிக் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"பற்றிக், எழும்பு."

"என்னக்கா?"

"உன்ர கோப்பையைப் பிடி. கிணத்தடிக்கு வா."

அவன் கோப்பையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். கோப்பையை வாங்கிக்கொண்டு எழும்பினான். றிக்சன் ஏதோ கேட்க வாயெடுக்க, கிறிஸ்டின் கையைக் காட்டி மறித்தாள். ஒரு குடைக்குள் இருவரும் முற்றத்துச் சேற்றில் நடந்துபோய்க் கிணற்றுக்கட்டுக்குக் கிட்டே நின்றார்கள். கிணறு விளிம்புக்கு நிறைந்திருந்தது.

"கட்டில வை."

வைத்தான். கோப்பையில் ஒட்டியிருந்த கறுப்பில் மழைத்துளிகள் விழுந்தன.

"இது மேசையில்லை. இப்ப சொல்லு. கிறேவி எப்பிடி?"

"அக்கா, மழைக்க நிண்டு உதென்ன..."

"சொல்லு."

"கருகிப் போச்சு, அக்கா."

"எவ்வளவு?"

பற்றிக்கின் கன்னத்தில் ஓடியது மழையா என்று அவள் பார்க்கவில்லை. "விழுங்க ஏலாமல் இருந்தது."

அவள் தலையை ஆட்டினாள். "எனக்கு மணம் இல்லை. ருசியும் இல்லை. பருப்புச் சட்டி கருகினபோது நான் நித்திரையில்லை. முழிச்சுக்கொண்டு பக்கத்தில இருந்தனான். நீ மேசையில சொன்ன சொல்லை நான் திருப்பித் தாறன். வத்தளைக்குப் போற வானில எனக்கும் ஒரு இடம் வை."

"ஏனக்கா எனக்கு முதலே சொல்லேல்ல?"

அவள் கட்டில் இருந்த கோப்பையைப் பார்த்தாள்.

"கட்டி இருந்ததோ?" என்று கேட்டாள்.

"இல்லை. ஒரு கட்டியும் இல்லை, அக்கா."

அவன் அவளுடைய கையைப் பிடிக்க வந்தான். அவள் இரண்டு கையாலும் குடையைப் பிடித்திருந்தாள்.

பின்னேரம் வட்டிலாப்பத்துக்காகத் திரும்பவும் மேசைக்கு இருந்தார்கள். போகிற நாளைப் பற்றி அதற்குள் கதைத்து முடித்தாயிற்று. காஸ் சிலிண்டரை ஸுல்பிகாவுக்குக் கொடுப்பதென்றும், வீட்டுப் பூட்டின் திறப்பில் ஒன்று லாபிரிடம் இருப்பதென்றும் அஞ்சலினாவே சொல்லியிருந்தாள். கிண்ணத்தைக் கொண்டுபோவதா என்று பற்றிக் கேட்டதற்கு, அது இந்த அலுமாரிச் சாமான் என்று மட்டும் சொன்னாள்.

கிறிஸ்டின் பரிமாறினாள். வாய்ப்பழக்கத்தில் கேட்டுவிட்டாள். "இனிப்புக் காணுமோ, மச்சாள்?"

றிக்சனின் கரண்டி பாதியில் நின்றது. அஞ்சலினா வாயிலிருந்த குளிர்ந்த மெதுவான பண்டத்தை விழுங்கினாள்.

"மேசையில அப்பிடிக் கேக்கிறேல்லை, கிறிஸ்டின்."

வைத்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்தாள். மற்றவர்களும் முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். தகப்பனின் கதிரையிலிருந்து பற்றிக் தொண்டையைச் செருமினான். வழக்கமான சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தான்.

அஞ்சலினா கையை உயர்த்தினாள்.

"இண்டைக்கு அது வேண்டாம்," என்றாள்.

அவளே முதலில் எழும்பினாள்.